மகளின் குதிரையை மகளுக்கே வழங்கும் விழா

எசென்குல் தன் மகளுக்கு எதுவுமே கொடுப்பதில்லை என்று அரசாங்கம் கண்டுபிடித்த அன்று, அவன் மகளுக்கு வாங்கிய புதுக் காலணிகளை மினிபஸ் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தான். தான் எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சக்காரன் என்பது பாவம், அவனுக்கு இன்னும் தெரியாது.

விவாகரத்தாகி நாலு வருடம் ஆகியிருந்தது. பெரிய சண்டை ஒன்றும் இல்லை. ஜிபாருக்கு மலை ஒத்துவரவில்லை, அவனுக்கு நகரம் ஒத்துவரவில்லை. அவள் மகள் நாரிஸ்தெயைக் கூட்டிக்கொண்டு கணவாய்க்கு அந்தப் பக்கம் போய் ஒரு ரொட்டிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அவன் கொஞ்சம் ஆடுகளோடும் இரண்டு மாடுகளோடும் ஒரு குதிரையோடும் இந்தப் பக்கமே தங்கிவிட்டான். ஒற்றைப் பிள்ளைக்குத் தகப்பன் வருமானத்தில் கால் பங்கு ஜீவனாம்சம் என்று நீதிபதி எழுதிக் கொடுத்தார். எசென்குல்லுக்கு அதைக் கேட்கவே கேவலமாக இருந்தது. மீதி முக்கால் பங்கை வைத்துக்கொண்டு மலையில் தனியாளாக அவன் என்ன செய்வான்? தீர்ப்பை மடித்துப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு, பஸ் போகும்போதெல்லாம் வெண்ணெய், உருளைக்கிழங்கு மூட்டை, வெட்டிய ஆட்டில் பாதி, மூட்டைக்குள் துணியில் சுருட்டிய நோட்டுகள் என்று அனுப்பிக்கொண்டிருந்தான். ரசீது வாங்கவில்லை. பெற்ற பிள்ளைக்குக் கொடுத்ததற்கு ரசீது கேட்பவனை எங்கள் மலையில் யாரும் மனிதனாக மதிப்பதில்லை.

வினை ஒரு சான்றிதழில் ஆரம்பித்தது. பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகைக்கு எழுதிப் போடலாம் என்று ஜிபார் தீர்ப்பு நிறைவேற்றும் அலுவலகத்து ஜன்னலில் போய் நின்றாள்.

“அப்பா ஜீவனாம்சம் குடுக்கறாரா?” என்று உள்ளே இருந்தவள் கேட்டாள்.

“அனுப்பிக்கிட்டுத்தான் இருக்காரு.”

“எங்க அலுவலகம் வழியாவா?”

“இல்லங்க, பஸ் வழியா.”

உள்ளே இருந்தவள் ‘இல்லை’ என்று எழுதி முத்திரை குத்தினாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். நாலு வருடமாகத் தூங்கிய கோப்பு கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது.

ஜிபார் அடுத்த ஞாயிறு தொலைபேசியில் அழைத்தாள். “நான் புகார் எதுவும் குடுக்கலை. சான்றிதழ்தான் கேட்டேன். வேணும்னு பண்ணலை.”

“தெரியும்,” என்றான் எசென்குல். காலணி அளவு சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்தான்.

மே மாதத் தொடக்கத்தில் நிறைவேற்று அதிகாரி மாமிரொவ் ஒரு ஓட்டுநரோடும் ஒரு தோல்பையோடும் கணவாய் தாண்டி வந்து இறங்கினார். நல்ல கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த மரியாதை. சாட்சிக்குப் பக்கத்து மேய்ச்சல்காரன் கொச்கோன்பாயை அழைத்தார்கள். எண்ணினார்கள். இரண்டு மாடு, பன்னிரண்டு ஆடு, ஒரு குதிரை, ஒரு இரும்பு அடுப்பு.

“உன் சம்பளச் சீட்டு எங்கே?” என்று மாமிரொவ் கேட்டார்.

“சம்பளம் யாருங்க குடுக்கறா? ஆடுதான்.”

“ஆடு சீட்டு குடுக்காது. அதனால மாவட்டத்தோட சராசரிச் சம்பளத்தை வச்சுக் கணக்குப் போட்டிருக்கோம்.”

அந்தச் சராசரிச் சம்பளத்தை மாவட்டத்தில் வாங்குகிறவர்கள் யாரென்று கொச்கோன்பாய் அப்பாவியாகக் கேட்டான். மாமிரொவ் சற்று யோசித்து, தானும் தன் மேலதிகாரியும்தான் என்று ஒப்புக்கொண்டார்.

கணவாய் தாண்டி வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பினால் ஊர் காறித் துப்பும். எசென்குல் ஒரு ஆட்டை வெட்டினான். முறைப்படி வேகவைத்த தலையை மாமிரொவ் முன்னால் வைத்தான். அவரும் முறை தெரிந்தவர். கத்தியால் காதை அறுத்து, வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கக் கையை நீட்டினார். வாங்க யாரும் இல்லை. காதைப் பிடித்தபடி அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“வீட்ல பிள்ளை இல்லையா?”

“நகரத்துல இருக்குங்க,” என்றான் எசென்குல். “அதுக்காகத்தானே நீங்க வந்திருக்கீங்க.”

மாமிரொவ் சற்றே சங்கடப்பட்டு, காதைத் தானே தின்றுவிட்டார். நாலு வருடமாக எசென்குல் ஆடு வெட்டும்போதெல்லாம் அந்தக் காதை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்திருக்கிறான். ஒருமுறை மூட்டையில் வைத்து நகரத்துக்கே அனுப்பினான்.

கை கழுவி, வீட்டுக்கு நல்லது நடக்கட்டும் என்று கைகளை முகத்தில் தடவி வாழ்த்திய பிறகு, மாமிரொவ் எழுந்துபோய் ஆடுகளை மறுபடி எண்ணினார்.

“பதினொண்ணுதான் இருக்கு.”

“ஒண்ணைத்தான் இப்ப சாப்பிட்டோமே, அண்ணே.”

“நான் எழுதினப்ப பன்னிரண்டு. எழுதினதுக்கப்புறம் அது பறிமுதல் சொத்து. பறிமுதல் சொத்தை அழிச்சது குத்தம். ருசியா இருந்துச்சு, அதை நான் மறுக்கலை. ஆனா அது வேற விஷயம்.”

அழித்ததாக அதையும் எழுதிக்கொண்டார். பிறகு குதிரையிடம் வந்தார். செம்பழுப்பு உடம்பும் கறுத்த பிடரியுமாக நின்ற அந்தப் பெண்குதிரையின் பெயர் குலா.

“இது என்னுது இல்லைங்க,” என்றான் எசென்குல். “மகளோடது.”

நாரிஸ்தெ முதன்முதலாக எழுந்து நின்ற வயதில், எங்கள் வழக்கப்படி அவள் கால்கள் இரண்டையும் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பளி நூலால் கட்டி, ஊர்ப் பிள்ளைகளை ஓடவிட்டு, முதலில் வந்தவனிடம் கத்தியைக் கொடுத்து அந்தத் தளையை வெட்டச் சொன்னார்கள். வெட்டியதும் குழந்தை நடந்தது. நேராகத் தகப்பனிடம் வந்தது. அவன் பூரித்துப்போய் அப்போதுதான் பிறந்திருந்த குட்டி ஒன்றை அவள் பங்கென்று ஊரறியக் கொடுத்தான். அந்தக் குட்டிதான் குலா. பிள்ளைக்குக் கொடுத்த பங்கைத் தகப்பனே தொட மாட்டான்.

“பதிவு யார் பேர்ல?”

“சின்னப் பிள்ளை பேர்ல பதிய மாட்டாங்களே. என் பேர்லதான்.”

“அப்ப உன்னுது. இருக்கறதுலயே விலை கூடினது இதுதான், இதையே ஏலம் விட்டு, பணத்தை உன் மகளுக்குக் குடுத்துடுவோம்.”

“என் மகளோட குதிரையை வித்து என் மகளுக்கே குடுப்பீங்களா?”

“பாத்தியா, உனக்கே புரிஞ்சிடுச்சு,” என்று மாமிரொவ் அவன் தோளைத் தட்டினார். “படிக்காதவன்னு நினைச்சேன்.”

ஏலம் வரை குலாவுக்குப் பொறுப்பாளனாக எசென்குல்லையே நியமித்தார்கள். அவன் அதற்குத் தீனி போட வேண்டும். ஏறக்கூடாது, கறக்கக்கூடாது, யாருக்கும் இரவல் கொடுக்கக்கூடாது. தீனிச் செலவு பராமரிப்புச் செலவு என்ற பெயரில் அவன் கடனில் சேரும். குலா ஒவ்வொரு வாய் புல் தின்னும்போதும் அவன் இன்னும் கொஞ்சம் பொல்லாத தகப்பன் ஆனான்.

இதில் அவன் பயந்தது கடனுக்கு இல்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு. கைபேசிக்கு அலை கிடைப்பது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்றின் உச்சியில் மட்டும்தான். ஞாயிறு காலை அவன் குலாவைக் கூட்டிக்கொண்டு அங்கே ஏறி நிற்பான். நாரிஸ்தெ அழைப்பாள். “அத்தா, குலா எங்கே? குடுங்க,” என்பாள். அவன் கைபேசியைக் குதிரையின் மூக்கருகே பிடிப்பான். குலா மூச்சு விடும், அவள் அந்தப் பக்கம் சிரிப்பாள், வகுப்பில் நடந்ததையெல்லாம் குதிரையிடம் சொல்லுவாள். அவன் கையை நீட்டியபடி நின்று, தன் காதில் விழுகிற வரைக்கும் கேட்டுக்கொள்வான். கடைசியில், “சரி அத்தா, வச்சிடறேன்.” அவ்வளவுதான் அவன் பங்கு. வாரம் முழுவதிலும் அவன் மகளின் குரலைக் கேட்பது அந்த ஒரு பொழுதுதான். குதிரை போய்விட்டால் அந்தப் பிள்ளை எதற்காக இந்த மலைக்கு அழைக்கப் போகிறது?

அடுத்த ஞாயிறு அவள் புதுச் செய்தி சொன்னாள். “அத்தா, உங்க படம் எங்க பள்ளிக்கூட வாசல்ல மாட்டியிருக்கு! பெரிய பலகை.”

அலுவலகம் ‘பொறுப்பான தந்தையர் மாதம்’ கொண்டாடியது. பொறுப்பற்றவர்களின் படங்களை, அவர்கள் வெட்கப்படும்படி, அவர்களுடைய பிள்ளைகள் தினமும் பார்க்கிற இடத்தில் மாட்டுவது என்று ஒரு கூட்டம் போட்டு முடிவெடுத்திருந்தார்கள். பிள்ளைகளின் நலனுக்காகத்தான்.

“தொப்பி கோணலா இருக்கு, அத்தா.”

“பசங்க கேலி பண்றாங்களா?”

“பண்றாங்க. பண்ணட்டும். நான் தினம் வரும்போது பாத்துக்கறேன்,” என்றாள். “குலாவைக் குடுங்க.”

பள்ளி விடுமுறை வந்தது. ஒவ்வொரு கோடையும் அவள் குலாமேல் சவாரி செய்ய மலைக்கு வந்துவிடுவாள். இந்த முறை அனுமதி கேட்க எசென்குல் நகரத்து அலுவலகத்துக்கே போனான். மாமிரொவ் தேநீர் கொடுத்து உட்கார வைத்து, பொறுமையாக விளக்கினார்.

“இதோ பாரு, தம்பி. குதிரையோட விலை குழந்தைக்குச் சேர வேண்டியது. குழந்தை ஏறிச் சவாரி பண்ணினா குதிரை தேயும், விலை குறையும். அப்ப குழந்தைக்கு நஷ்டம் யாரால? குழந்தையால. குழந்தைகிட்டருந்து குழந்தையைக் காப்பாத்தறதுக்குத்தான் நாங்க இருக்கோம்.”

“ஏற வேணாங்க. சும்மா பக்கத்துல நின்னுக்கட்டும்.”

“பக்கத்துல நின்னா ஆசை வரும். பாரு, நான் இருபது வருஷமா குழந்தைகளுக்காகவே உழைக்கறேன். இதுவரைக்கும் ஒரு குழந்தையைக்கூட நேர்ல பாத்துப் பேசினதில்லை. பேசினா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும். அப்பாங்கறதும் அப்படித்தான் இருக்கணும். பாசம் கீசம் எல்லாம் எங்க பதிவேட்டுல ஏத்த முடியாத சரக்கு. இருக்கோ இல்லையோ, எங்களுக்கு ஒண்ணுதான்.”

“அவளைப் பாத்து ஒன்பது மாசம் ஆச்சுங்க.”

“கடனாளி குழந்தையைப் பாக்கறதுக்குத் தனி மனு போடணும். அது இந்த மாடி இல்லை.”

அந்த மாடிக்குப் போனான். கோடை முழுவதும் விடுமுறை என்று பூட்டியிருந்தது.

ஆகஸ்டில் மாட்டுச் சந்தையில் ஏலம் நடந்தது. ஒலிபெருக்கியில் குலாவின் வயதையும் பல்லையும் புகழ்ந்தார்கள். சந்தையில் முன்னூறு பேராவது இருந்திருப்பார்கள். ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. தளை வெட்டிய அன்று கொடுத்த பிள்ளைப் பங்கை வாங்கினவன் வீட்டில் தொட்டில் ஆடாது என்று எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. விலையைக் குறைத்து மறு ஏலம் விட்டார்கள். அப்போது கூட்டமே கலைந்து பொரித்த மீன் கடைப் பக்கம் போய்விட்டது.

“என்னய்யா, இலவசமாக் குடுத்தாக்கூட வாங்க மாட்டீங்களா?” என்று மாமிரொவ் கத்தினார்.

“உங்களுக்குப் பேரன் வேணாம்னா நீங்களே வாங்கிக்குங்க!” என்று கொச்கோன்பாய் பதிலுக்குக் கத்தினான்.

இரண்டு முறை ஏலத்தில் போகாத சொத்தை, யாருக்காக வசூலிக்கிறார்களோ அவர்களுக்கே பொருளாகக் கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. இப்படியாக, நாலு மாத உழைப்புக்குப் பிறகு, நாரிஸ்தெயின் குதிரையை நாரிஸ்தெக்கே வழங்குவது என்று அரசாங்கம் முடிவு செய்தது. அலுவலகத்தின் வரலாற்றில் முழுதாக முடிந்த முதல் வழக்கு அது என்பதால் விழா எடுத்தார்கள்.

செப்டம்பர் முதல் தேதி, பள்ளி திறக்கும் நாள். பிள்ளைகள் பூங்கொத்துகளோடு வரிசையில் நின்றார்கள். பொறுப்பாளன் என்ற முறையில் எசென்குல் குதிரையைக் கொண்டுவர வேண்டும். கடனாளி என்ற முறையில் வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. அவன் வாசலில், தன் படத்துக்குக் கீழேயே, கடிவாளத்தை மாமிரொவின் ஓட்டுநர் கையில் கொடுத்துவிட்டு நின்றான். குலாவின் கழுத்தில் சிவப்பு நாடா கட்டினார்கள்.

“தகப்பன் கைவிட்டாலும் அரசு கைவிடாது!” என்று மாமிரொவ் ஒலிவாங்கியில் முழங்கினார். “இந்தக் குழந்தைக்கு இதுவரை யாருமே ஒரு குதிரை குடுத்ததில்லை. நாங்க குடுக்கறோம்!”

கைத்தட்டல் வானைப் பிளந்தது. நாரிஸ்தெ குதிரையைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் திரும்பிக் கையை ஆட்டினாள். புகைப்படக்காரர் வந்து அவள் முகவாயைப் பிடித்து மறுபடி குதிரைப் பக்கம் திருப்பிவிட்டார். எசென்குல் ஆட்டுவதற்குத் தூக்கிய கையால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தான்.

அடுத்த ஞாயிறு அவன் குன்றில் ஏறவில்லை. இனி எதற்கு? குதிரைதான் அவளிடமே இருக்கிறதே. அதற்கடுத்த ஞாயிறும் ஏறவில்லை. மாட்டோடு பேசிப் பார்த்தான். மாடு நல்ல மாடுதான், ஆனால் பேச்சுத் துணைக்கு ஆகாது. அந்த மலையில் அத்தனை வருடம் தனியாக இருந்தவனுக்குத் தனிமை என்றால் என்னவென்று அந்த இரண்டு வாரத்தில்தான் தெரிந்தது.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் வாசலில் குலா நின்றது. எங்கள் குதிரைகள் பிறந்த மேய்ச்சலை மறப்பதில்லை. கட்டு தளர்ந்தால் மலை தாண்டியாவது வந்துவிடும். எசென்குல் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் அழுதான். பிறகு, நல்ல குடிமகனாகையால், குன்றில் ஏறி மாமிரொவை அழைத்தான்.

“குழந்தையோட சொத்து, தீனிச் செலவு பாக்கி வச்சிருக்கற கடனாளி வீட்டுலயா?” மாமிரொவ் அலறினார். “இன்னிக்கே கொண்டுபோய் ஒப்படைக்கணும்! நீயே நேர்ல போகணும், பயனாளி நேர்ல இருந்து வாங்கிக்கணும். சட்டம்னா சட்டம்!”

ஜிபாருடைய அண்ணன் வீட்டு நிலக்கரிக் கொட்டகைக்குப் பின்னால்தான் குலாவுக்கு இடம். எசென்குல் கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்து, மகள் குதிரைக்குப் பிடரி வாருவதைப் பார்த்தான். ஜிபார் சூடான ரொட்டியும் தேநீரும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

“ஞாயித்துக்கிழமை ஏன் எடுக்கலை?” என்று நாரிஸ்தெ திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“நான் குன்று ஏறலைம்மா. குலாதான் உன்கிட்டயே இருக்கே.”

அவள் வாருவதை நிறுத்திவிட்டு அவனையே ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மறுபடி வார ஆரம்பித்தாள். அவனுக்கு அது புரியவில்லை. கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

குலா இன்னும் இரண்டு முறை ஓடிவந்தது. இரண்டு முறையும் மாமிரொவ் அலறினார், எசென்குல் கொண்டுபோய் ஒப்படைத்தான், தேநீர் குடித்தான், மகளுடைய கணக்கு நோட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துப் பாராட்டி அவளைச் சிரிக்கவைத்தான். அது எந்த மாடியிலும் மனுப் போடாமல் கிடைத்தது. இது அலுவலகத்துக்கு உறுத்தியது. அக்டோபரில் மாமிரொவ் தானே கொட்டகைக்குப் போய், அரசாங்கச் செலவில் வாங்கிய புதுக் கயிற்றால் குலாவின் முன்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துத் தளை போட்டு, முடிச்சில் ஈய முத்திரையும் வைத்தார். குழந்தையின் சொத்துக்குப் பாதுகாப்பு.

அதற்குப் பிறகு குலா வரவில்லை. எசென்குல் காலையில் எழுந்ததும் கணவாய்ப் பக்கம் பார்ப்பான். பார்த்துவிட்டு, எதற்குப் பார்த்தோம் என்று தன்னையே திட்டிக்கொள்வான். குளிர்காலத்துக்குக் குதிரையை வெட்டிக் கறி சேர்த்துவைக்கிற மாதம் வேறு. ஜிபாரின் அண்ணன் வயிற்றுக்கு வஞ்சனை செய்யாதவர். ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் குன்றில் ஏறினான். கைபேசி உடனே அடித்தது.

“அத்தா, குலா காலைக் கட்டிட்டாங்க.”

“தெரியும்மா. நல்லா இருக்கா?”

“இருக்கா. கணவாய் எப்ப மூடும்?”

“பனி விழுந்துட்டா மூடிடும். அப்புறம் வசந்தம் வரைக்கும் பஸ் இல்லை.”

“இன்னும் விழலையே?”

“இன்னும் இல்லை. மேகம் கூடிட்டிருக்கு.”

“சரி அத்தா, வச்சிடறேன்.”

குதிரையைப் பற்றி அவள் மேற்கொண்டு எதுவும் பேசவில்லையே என்று அவனுக்குத் தோன்றியது. வெட்டப் போகிறார்கள், அதைச் சொல்ல வாய் வரவில்லை என்று முடிவு செய்து, அன்றிரவு சாப்பிடாமல் படுத்தான்.

மூன்றாம் நாள் காலையில், உறைபனி படர்ந்த புல்லில் குலா நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு முன்னங்காலிலும் கயிற்று வளையம் அப்படியே இருந்தது. ஈய முத்திரையும் சிதையாமல் இருந்தது. நடுவில் மட்டும் கயிறு இரண்டு துண்டு. எசென்குல் குனிந்து பார்த்தான். தேய்ந்து அறுந்த கயிறு நார்நாராகப் பிரிந்திருக்கும். இது கத்தி பட்ட கயிறு. ரொட்டி வெட்டுகிற பல்லுள்ள கத்தி. பெரியவர்கள் கை என்றால் ஒரே இழுப்பில் முடிந்திருக்கும். இங்கே பக்கத்தில் பக்கத்தில் பிசகிய வெட்டுகள், ஐந்தாறு இடத்தில் அறுத்துப் பார்த்து, வலுப் போதாமல், கடைசியில் ஒன்றில் ஜெயித்த சின்னக் கை.

குலாவை அவிழ்த்துவிட்டால் குலா அவளிடம் இருக்காது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் வெட்டியிருக்கிறாள்.

அவன் கயிற்றுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் புல்லில் உட்கார்ந்திருந்தான். பிறகு குன்றில் ஏறினான்.

“தளை எப்படி அறுந்துச்சு?” மாமிரொவ் கேட்டார்.

“இத்துப்போயிருந்துச்சுங்க.”

“புதுக் கயிறுய்யா! அரசாங்கக் கயிறு!”

“அரசாங்கக் கயிறுதானுங்களே.”

மாமிரொவ் பெருமூச்சு விட்டார். “சரி, இன்னிக்கே கொண்டுபோய் ஒப்படை. பயனாளி நேர்ல இருக்கணும்.”

“இருப்பாங்க. சட்டம்னா சட்டம்,” என்றான் எசென்குல்.

அவன் தொப்பியைக் கண்ணாடி பார்த்து நேராக வைத்துக்கொண்டு குலாவோடு கிளம்பும்போது, கொச்கோன்பாய் வேலியோரம் நின்று வானத்தைக் காட்டினான். கணவாய் உச்சி வெளுத்திருந்தது.

“போறப்ப தாண்டிடுவே. வர்றப்ப மூடியிருக்குமேடா. வசந்தம் வரைக்கும் அங்கேயே மாட்டிக்குவியே!”

“ஆட்டையும் மாட்டையும் பாத்துக்கறியா?”

“பாத்துக்கறேன். நீ எப்படித் திரும்புவே?”

“ஒப்படைக்கத்தான் சொல்லியிருக்காங்க,” என்றான் எசென்குல். “திரும்பி வர்றதைப் பத்தி ஒண்ணுமே சொல்லலை.”